யாரும் பிரகடனம் செய்யாத போர்

(கண்டியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"போர் முடிஞ்சு இத்தனை வருஷமாச்சே சேர், இப்ப ஏன் இந்தத் தலைப்பு?" என்று வாசலில் ஒரு மாணவி கேட்டார். மேடையில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போர் முடிந்த நாள் எல்லோருக்கும் தெரியும். 2009 மே 18. தொடங்கிய நாளைக் கேட்டால் 1983 ஜூலை என்போம். யார் முதலில் அடித்தது என்று கிளற நான் வரவில்லை. என்னுடையது ஒரு கந்தோர்க் கிளாக்கரின் கேள்வி. அந்தப் போரை அரசு பிரகடனம் செய்த வர்த்தமானி எங்கே? அதன் இலக்கம் என்ன? கீழே கையொப்பம் யாருடையது? சுவடிக்கூடம் முழுவதையும் புரட்டினாலும் கிடைக்காது. அப்படி ஒன்று அச்சாகவே இல்லை. கால் நூற்றாண்டுக்கு மேல் நடந்த போரை இலங்கையில் யாரும் பிரகடனம் செய்யவில்லை.

அதிகாரம் இல்லாமல் அல்ல. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 33ஆம் உறுப்புரை ஜனாதிபதிக்குரிய பணிகளை வரிசைப்படுத்துகிறது. பாராளுமன்றத்தில் கொள்கைப் பிரகடனம் செய்வது, வெளிநாட்டுத் தூதுவர்களை ஏற்பது, அரச இலச்சினையை வைத்திருப்பது. அந்த வரிசையில், விழாவுக்குப் போய் நாடா வெட்டுவதைப் போன்ற சாதாரணத் தொனியில், போரையும் சமாதானத்தையும் பிரகடனம் செய்வதும் வருகிறது. பாராளுமன்றத்தின் முன் அனுமதி வேண்டும் என்று ஒரு சொல் இல்லை. 30ஆம் உறுப்புரை அவரையே முப்படைத் தளபதி ஆக்குகிறது. 4ஆம் உறுப்புரை நாட்டின் பாதுகாப்பை நிறைவேற்று அதிகாரத்துக்குள் சேர்த்துவிடுகிறது. ஆக, பேனா ஒருவர் கையில். அந்தப் பேனாவை அவர் திறக்கவில்லை. திறக்காமலே எல்லாம் நடந்தது. எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

அதற்குக் கண்டியை விட நல்ல ஊர் இல்லை. தலதா மாளிகைக்குப் பக்கத்தில் இருக்கும் மகுல் மடுவவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். செதுக்கிய மரத்தூண்கள், ஓட்டுக் கூரை, நான்கு பக்கமும் திறந்த மண்டபம். சுற்றுலாப் பயணிகள் தூணில் சாய்ந்து படம் எடுப்பார்கள். 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் அங்கேதான் வாசிக்கப்பட்டது. அதற்கு இரண்டு மாதத்துக்குள்தான், ஜனவரியில், தேசாதிபதி பிரவுன்றிக் போரை அறிவித்துப் படைகளை மலைக்கு அனுப்பியிருந்தார். அன்று கொழும்பிலிருந்து லண்டனுக்குக் கடிதம் போய்ச் சேரவே மாதக்கணக்காகும். "போருக்குப் போகலாமா" என்று கேட்டு எழுதி, பதில் வருவதற்குள் போர் முடிந்து, அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைப் பிடித்து, ஒப்பந்தமும் போட்டுவிடலாம். நடந்ததும் ஏறக்குறைய அதுதான்.

அந்த ஒப்பந்தத்தின் 3ஆம் பிரிவை நம் ஆட்கள் பலர் வாசித்ததில்லை. சமாதான ஒப்பந்தம் அது. ஆனால் அரசனின் ஆண் உறவினர் அனைவரும் அரசின் எதிரிகள் என்றும், எழுத்தில் அனுமதி இல்லாமல் கண்டி மாகாணங்களுக்குள் காலடி வைத்தால் இராணுவச் சட்டப்படி தண்டனை என்றும் அது சொல்கிறது. வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்களும் திரும்பி வரக்கூடாது. தமிழையும் தெலுங்கையும் பேசிய நாயக்கர் குடும்பத்தாரை அந்தச் சொல்லால் குறித்தார்கள். சமாதானத் தாளுக்குள்ளேயே இராணுவச் சட்டத்தை மடித்து வைத்துவிட்டார்கள். போர் எங்கே முடிகிறது, ஆட்சி எங்கே தொடங்குகிறது என்ற கோடு இந்த ஊரில் அன்றைக்கே அழிந்தது.

அந்தக் கோட்டை மறுபடி வரைய முதலில் முயன்றது 1848. கொஞ்ச நேரம் அங்கே நிற்கிறேன்.

அந்த வருடம் வரிகள். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி. போதாததற்கு வீதிக் கட்டளைச் சட்டம்: ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் வேலை செய், இல்லாவிட்டால் காசு கட்டு. தேசாதிபதி டொரிங்டன் பிரபு இளம் வயதுக்காரர், இங்கிலாந்தில் ரயில் கம்பனி இயக்குநராக இருந்துவிட்டு வந்தவர். ஜூலை கடைசியில் மாத்தளையில் கலகம் மூண்டது. ஜூலை 29 அன்று கண்டியில் இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. கலகம் சில நாட்களில் அடங்கிவிட்டது. இராணுவச் சட்டம் ஒக்டோபர் வரை நீடித்தது. கலகத் தலைவன் புரன் அப்புவை ஓகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். குடாபொல தேரரைக் காவியுடையோடே சுட்டார்கள். எதிரி ஆயுதத்தைக் கீழே போட்ட பிறகும் படை நீதிமன்றம் உட்கார்ந்திருந்தது.

இங்கேதான் அரசின் மூன்று துறைகளும் ஒரே ஊரில் ஒன்றையொன்று முகம் பார்த்தன. ஒரு பக்கம் தேசாதிபதியின் படை நீதிமன்றம். இன்னொரு பக்கம், அதே கண்டியில், பிரதம நீதியரசர் ஒலிபன்ற் சாதாரண நீதிமன்றத்தில் அமர்ந்து இராஜத்துரோக வழக்குகளை விசாரித்தார். சட்டப்படி மரண தண்டனை விதித்தார். விதித்துவிட்டு, இவர்களுக்குக் கருணை காட்டுங்கள் என்று தேசாதிபதியைக் கேட்டுக்கொண்டார். நீதிமன்றம் திறந்திருக்கும் ஊரில் படை நீதிமன்றம் எதற்கு? வழக்கறிஞர்கள் இன்றும் கேட்கும் கேள்வி அது. மூன்றாவதாகச் சட்டமன்றம். கொழும்பில் இருந்த சட்டவாக்க சபை நியமன சபை. அது என்ன செய்தது? இராணுவச் சட்டத்தின் கீழ் நடந்தவற்றுக்காக யார் மீதும் வழக்குப் போட முடியாதபடி ஒரு கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் லண்டனில் பிரித்தானியப் பாராளுமன்றத்தின் பொதுச்சபை இந்த விவகாரத்தை விடவில்லை. விசேட குழு அமைத்தது. இலங்கையில் வேலை பார்த்த அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரித்தது. 1850இல் டொரிங்டன் திரும்பப் பெறப்பட்டார்.

வெற்றி என்று கைதட்டிவிடாதீர்கள். அடுத்த ஆண்டு பொதுச்சபைக்கு வந்த கண்டனத் தீர்மானம் தோற்றுப்போனது. யாருக்கும் தண்டனை இல்லை. ஆனாலும் ஒரு தேசாதிபதி இந்த ஊரில் எடுத்த வாளுக்கு, கடல் தாண்டி ஒரு சபையில் கணக்குக் கேட்டார்கள். 1978 அரசியலமைப்பின் கீழ் நம் பாராளுமன்றம் ஒரு ஜனாதிபதியிடம் அவ்வளவு தூரம் கணக்குக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

1915ஐச் சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பளைப் பெரஹெர வழக்கில் தொடங்கிய மனக்கசப்பு, வெசாக் இரவு, மே 28, கண்டி காசல்ஹில் வீதிப் பள்ளிவாசலுக்கு முன்னால் வெடித்தது. ஜூன் 2ஆம் திகதி தேசாதிபதி சாமர்ஸ் இராணுவச் சட்டம் கொண்டுவந்தார். உலகப் போர் நடந்த நேரம். ஜேர்மன் சதி என்ற பயம் வேறு. இராணுவச் சட்டம் ஓகஸ்ட் இறுதி வரை நீண்டது. சட்டவாக்க சபையில் எழுந்து நின்று, கலவரம் அடங்கிய பிறகும் இந்தச் சட்டம் ஏன் என்று கேட்டவர் பொன்னம்பலம் இராமநாதன். கேட்டதோடு நிற்காமல் கப்பலேறி லண்டனுக்குப் போனார், 1916இல் அங்கே அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். நம் முஸ்லிம் நண்பர்கள் அவரை மன்னிக்கவில்லை. அவர்களுக்குக் காரணம் உண்டு: எரிந்த கடையும் உடைந்த பள்ளியும் அவர்களுடையவை, இராமநாதனின் குரலோ மறுபக்கமான சிங்களவருக்காகவே ஒலித்தது. அந்தக் குறையை ஒப்புக்கொண்டுதான் பேசவேண்டும். ஆனால் அவர் கேட்ட சட்டக் கேள்வி தவறில்லை. அவசரம் முடிந்த பிறகும் அவசரச் சட்டம் நீண்டால் அதை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு?

இரண்டாம் உலகப் போரில் இலங்கை சேர்ந்ததற்கு இங்கே யாரிடமும் கேட்கவில்லை. டொனமூர் யாப்பில் பாதுகாப்பும் வெளிவிவகாரமும் பிரதம செயலாளரிடம் இருந்தன, மக்கள் தெரிவுசெய்த அமைச்சர்களிடம் அல்ல. 1942இல் அட்மிரல் லேட்டனைத் தேசாதிபதிக்கும் மேலே தூக்கி வைத்தார்கள். 1944இல் மவுண்ட்பேட்டன் தமது தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்கே கொண்டுவந்தார். ஆசியாவின் பாதிப் போருக்கு அங்கேயிருந்து கட்டளை போனது. அங்கே மரநிழலில் சோறு கட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட்ட நமக்கு அது பெரும்பாலும் தெரியாது.

இனி நம்முடைய கதை.

1947 ஜூன். பொது வேலைநிறுத்தம். அரசாங்க எழுதுவினைஞர் கந்தசாமி ஊர்வலத்தில் சுடப்பட்டு இறந்தார். அந்த வேலைநிறுத்தத்தை அடக்க அவசர அவசரமாக வந்ததுதான் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், 1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கம். வேலைநிறுத்தத்துக்குப் பிறந்த பிள்ளை அது. அதுவே வளர்ந்து போரைத் தோளில் சுமந்தது.

அரசியலமைப்பின் 155ஆம் உறுப்புரை அதற்குக் கொடுத்திருக்கும் இயந்திரத்தைப் பாருங்கள். ஜனாதிபதி அவசரகால நிலையைப் பிரகடனம் செய்கிறார். அதன் கீழ் வரும் ஒழுங்குவிதிகள், அரசியலமைப்பைத் தவிர வேறெந்தச் சட்டத்தையும் மீறி நிற்கும். பிரகடனத்தை உடனே பாராளுமன்றத்துக்கு அறிவிக்கவேண்டும். பாராளுமன்றம் அங்கீகரிக்காவிட்டால் 14 நாளில் அது செத்துப்போகும். அங்கீகரித்தாலும் ஆயுள் ஒரு மாதம். மாதம் முடிந்தால் புதுப் பிரகடனம், புது வாக்கெடுப்பு. 33ஆம் உறுப்புரையில் பாராளுமன்றத்துக்கு இடமே இல்லை. 155இல் பாராளுமன்றத்தின் கை மாதாமாதம் கழுத்தில் இருக்கிறது. ஒரு ஜனாதிபதி எந்தப் பாதையைத் தேர்ந்தெடுப்பார்? முதலாவதை என்று நினைப்போம். எல்லோரும் இரண்டாவதையே எடுத்தார்கள். போர் என்று பிரகடனம் செய்தால் எதிரே இருப்பவர் போரிடும் தரப்பு ஆகிவிடுவார், வெளிநாட்டான் வந்து கேள்வி கேட்பான். அவசரகாலம் என்றால் அது வீட்டுப் பிரச்சினை. பாராளுமன்றத்தின் கையைப் பற்றி அவர்கள் அதிகம் கவலைப்படவில்லை. அந்தக் கை இறுக்காது என்று அவர்களுக்குத் தெரியும்.

அதுவும் ஒரு காலத்தில் இறுக்கக்கூடிய கைதான். 1978இல் எழுதியபோது, அவசரகாலம் தொடர்ந்து 90 நாளைத் தாண்டினால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்று இருந்தது. 1986 ஓகஸ்டில் பத்தாவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. யார் எடுத்தார்கள்? 1977இல் தெரிவான பாராளுமன்றம். 168 ஆசனத்தில் 140 ஒரே கட்சிக்கு. 1982 டிசம்பரில் தேர்தலுக்குப் பதில் சர்வசன வாக்கெடுப்பு வைத்துத் தன் ஆயுளைத் தானே நீட்டிக்கொண்ட பாராளுமன்றம். 1983இல் ஆறாவது திருத்தத்தின் சத்தியப்பிரமாணத்தை எடுக்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனம் இழந்திருந்தார்கள். குண்டு விழும் மாவட்டங்களின் பிரதிநிதிகள் இல்லாத சபையில், குண்டுக்கு அனுமதி கொடுக்கும் வாக்கின் அளவைக் குறைத்தார்கள்.

ஆறில் ஐந்து பங்கு ஆசனம் கையில் வைத்திருந்தவர்களுக்கு மூன்றில் இரண்டு ஏன் பாரமாயிற்று? எனக்குத் தோன்றுவது இது. விகிதாசாரத் தேர்தல் முறை வந்துவிட்டது. அடுத்த தேர்தலில் எவருக்கும் அப்படிப்பட்ட பெரும்பான்மை கிடைக்காது என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். பின்னால் வருபவர்களுக்காக வாசலை அகலப்படுத்திவிட்டுப் போனார்கள்.

இந்தியாவைப் பாருங்கள். அங்கே இந்திரா காந்தியின் அவசரநிலையில் சூடுபட்டவர்கள் 1978இல் 44ஆவது திருத்தம் கொண்டுவந்தார்கள். அமைச்சரவையின் எழுத்து மூலமான முடிவு இல்லாமல் குடியரசுத் தலைவர் அவசரநிலையை அறிவிக்க முடியாது. ஒரு மாதத்துக்குள் இரு சபைகளும் விசேட பெரும்பான்மையால் ஒப்பவேண்டும். அவர்கள் பூட்டைப் பெரிதாக்கிய எட்டாம் வருடம் நாம் பூட்டைக் கழற்றினோம். அமெரிக்காவின் கதை வேறு விதம். போரைப் பிரகடனம் செய்யும் அதிகாரம் அங்கே காங்கிரஸுக்கே உரியது. அது கடைசியாக அப்படிச் செய்தது 1942இல். கொரியா, வியட்நாம், ஈராக், எதுவும் பிரகடனம் செய்த போர் அல்ல. 1973இல் ஜனாதிபதிக்கு 60 நாள் கெடு வைத்து ஒரு தீர்மானம் நிறைவேற்றிப் பார்த்தார்கள், அதிலும் முழுப் பலன் இல்லை. சொல்லை ஒரு துறைக்குக் கொடுத்தால், செயலை மறு துறை வேறு பெயரில் செய்துவிடுகிறது. அந்தத் தந்திரத்துக்கு நாம் மட்டும் சொந்தக்காரர் இல்லை.

அந்த மாதாந்த வாக்கெடுப்பு எங்கள் வீட்டில் எப்படி இருந்தது என்று ஒன்று சொல்கிறேன். வானொலிச் செய்தியில் "அவசரகாலச் சட்டம் மேலும் ஒரு மாதத்துக்கு நீடிப்பு" என்று ஒரு வரி வரும். அதற்கு அடுத்து காலநிலை. எங்கள் அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு துண்டு ஒட்டியிருந்தது: வீட்டில் வசிப்போர் விபரம், பொலிஸ் முத்திரையோடு. யாழ்ப்பாணத்திலிருந்து மச்சான் வந்தால் பையை இறக்கி வைக்கும் முன்னே அம்மா கேட்பது, "தம்பி, பதிஞ்சிட்டியளோ?" தேத்தண்ணி பிறகுதான். அந்தத் துண்டின் வேர் பாராளுமன்றத்தில் உயர்ந்த கைகளில் இருந்தது என்று அம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. 1983 ஜூலை 26 கண்டிக்கு இனக்கலவர நெருப்பு வந்தபோதும் அவசரகாலம் நடைமுறையில்தான் இருந்தது. அந்த மே மாதமே பிரகடனம் செய்திருந்தார்கள். ஜூனில் வந்த 15ஏ ஒழுங்குவிதி, மரண விசாரணை இல்லாமல் உடலைப் புதைக்க வழிசெய்திருந்தது. தமிழர் கடைகளைக் காக்க அந்தச் சட்டத்துக்கு மனமில்லை.

ஒரேயொரு முறை அந்தக் கை இறுகியது. 2001 ஜூன் மாதம் முஸ்லிம் காங்கிரஸ் விலகி, ஜனாதிபதி சந்திரிகாவின் அரசாங்கம் பெரும்பான்மையை இழந்தது. ஜூலையில் அவசரகாலத்தை நீடிக்க வாக்கு இல்லை. அது காலாவதியாயிற்று. சில தடைகளைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் மாற்றிக்கொண்டார்கள், போர் நிற்கவில்லை, பாராளுமன்றத்தையும் ஒத்திவைத்தார்கள். இருந்தாலும் வாக்கு இல்லாவிட்டால் பிரகடனம் சாகும் என்பது அன்று நிரூபணமானது.

சமாதானத்துக்கும் இதே சிக்கல். 2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கையில் வவுனியாவில் கையொப்பமிட்டவர் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க. முப்படைத் தளபதியோ ஜனாதிபதி சந்திரிகா, எதிர்க்கட்சிக்காரர். சமாதானத்தைப் பிரகடனம் செய்வதும் 33இன்படி அவருக்கே உரியது. போரே பிரகடனமாகாதபோது போர்நிறுத்தம் மட்டும் எப்படிச் சமாதானப் பிரகடனம் ஆகும் என்று ஒரு வழக்கறிஞர் சிரித்தபடியே வாதாடலாம். ஜனாதிபதி சிரிக்கவில்லை. 2003 நவம்பர் 4இல், பிரதமர் வாஷிங்டனில் இருந்தபோது, பாதுகாப்பு, உள்விவகாரம், ஊடகம் ஆகிய மூன்று அமைச்சுகளையும் எடுத்துக்கொண்டார். உச்ச நீதிமன்றமும் பாதுகாப்பு அதிகாரம் ஜனாதிபதியிடமே என்றுதான் கருத்துச் சொன்னது. ஒரே உடம்பில் இரண்டு தலை. 2008 ஜனவரியில் அந்த உடன்படிக்கையை அமைச்சரவை முடிவு ஒன்று கைவிட்டது. பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்த பிறகல்ல.

நீதிமன்றத்துக்கு வருகிறேன். 2015இல் பத்தொன்பதாவது திருத்தம், ஜனாதிபதியின் செயல்களுக்கு எதிராக அடிப்படை உரிமை மனுப் போட வழி திறந்தது. அந்த வழியில்தான் 2018 டிசம்பரில் ஏழு நீதியரசர்கள் ஜனாதிபதி செய்த பாராளுமன்றக் கலைப்பைச் சட்டவிரோதம் என்றார்கள். ஆனால் அதே திருத்தம் ஒரு அறையை மட்டும் பூட்டி வைத்தது: போர், சமாதானப் பிரகடனம் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல முடியாது. இருபதாவது திருத்தம் கதவு முழுவதையும் அடைத்தது, 2022இன் இருபத்தோராவது திருத்தம் திறந்தது, அந்த ஓர் அறைப் பூட்டு இன்னமும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பூட்டிய அறைக்குள் யாரும் போனதே இல்லை. ஆட்சி நடந்தது பக்கத்து அறையில், அவசரகால அறையில். அந்தக் கதவு நீதிமன்றத்துக்குத் திறந்தே இருக்கிறது. 2022 ஜூலையில் பதில் ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க பிறப்பித்த அவசரகாலப் பிரகடனம் அடிப்படை உரிமைகளை மீறியது என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு அளித்தது. மூன்று வருடம் தாமதம். ஆனாலும் தீர்ப்பு.

அவசரகாலமே கூடாது என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2018 மார்ச்சில் திகனயும் தெல்தெனியவும் எரிந்தபோது, அவசரகாலம் வந்தது என்று கேட்டு மூச்சு விட்டவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். அது சில நாட்களில் முடிந்தது, 14ஆம் நாள் வாக்கெடுப்புக்கு அவசியமே வரவில்லை. அவசரம் என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும்.

என் கணிப்பில், 33ஆம் உறுப்புரையைத் திருத்தச் சொல்லிக் கூச்சலிடுவதில் பெரிய பயன் இல்லை. யாரும் தொடாத பேனா அது. 1986இல் கழற்றிய பூட்டை, 90 நாளுக்குப் பின் மூன்றில் இரண்டு என்பதை, 155ஆம் உறுப்புரையில் திரும்பப் பூட்டச் சொல்லிக் கேட்கவேண்டும். புதிய அரசியலமைப்பு வருகிறது என்று ஒவ்வொரு அரசாங்கமும் சொல்கிறது. அந்த வரைபு வந்தால் முதலில் அந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள்.

வாசலில் கேட்ட மாணவிக்கு: கண்டி மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் 12 உறுப்பினர்கள். அடுத்த முறை அவசரகாலப் பிரகடனம் வர்த்தமானியில் வந்தால், அன்றிலிருந்து 14 நாளை எண்ணுங்கள். வாக்கெடுப்பு முடிந்ததும் பாராளுமன்ற நடவடிக்கைப் பதிவான ஹன்சாட்டை எடுத்து அந்த 12 பேரும் எந்தப் பக்கம் வாக்களித்தார்கள், யார் சபைக்கே வரவில்லை என்று பெயர் பெயராகப் பாருங்கள், மகள்.